பால்வாடிக்குப் பிறகு எங்கே?

கொல்லிமலையை முன்வைத்து, குழந்தைப் பராமரிப்புப் பணியாளர்களின் தொழில் மாற்றம் குறித்து

பிறர் பிள்ளைகளை இருபது ஆண்டுகள் பார்த்துக்கொண்ட ஒரு பெண், நாற்பத்தைந்து வயதில் வேறு வேலைக்குப் போக நினைக்கிறார். அந்த இருபது ஆண்டுகளில் எதை அவர் தன்னோடு எடுத்துச் செல்ல முடியும்? தமிழ்நாட்டின் இன்றைய நடைமுறையில், ஏறத்தாழ எதையும் எடுத்துச் செல்ல முடியாது. அங்கன்வாடியில் கழிந்த ஆண்டுகள் ஆசிரியர் பணிக்குத் தகுதியாகச் சேருவதில்லை. செவிலியர் படிப்பில் ஒரு மாதத்தைக்கூட அவை குறைப்பதில்லை. வேலையை விட்டு வெளியே வந்தால், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த நாளில் எங்கே நின்றாரோ அங்கேயே மீண்டும் நிற்க வேண்டியிருக்கிறது.

இந்த நிலை எப்படி உருவானது, இதை மாற்ற நம்மிடம் ஏற்கனவே என்னென்ன வழிகள் உள்ளன என்பதே இந்தக் கட்டுரையின் பொருள். கொல்லிமலையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சமவெளியில் மாற்று வேலைகளின் கூட்டத்தில் மறைந்துபோகும் சிக்கல், வேலைகள் அரிதான மலையில் துலக்கமாகத் தெரிகிறது.

மலையில் ஒரு வேலை

நாமக்கல் மாவட்டத்தில், கடல் மட்டத்துக்கு மேல் ஆயிரம் மீட்டரைத் தாண்டிய உயரத்தில் கொல்லிமலை பரந்திருக்கிறது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால்தான் மேலே போகலாம். செம்மேட்டைத் தலைமையிடமாகக் கொண்ட இந்த ஒன்றியத்தில் 14 ஊராட்சிகள். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு, தேவனூர் நாடு, சேலூர் நாடு என ஒவ்வொன்றும் ஒரு ‘நாடு’. 2011 கணக்கெடுப்பின்போது இங்கே சுமார் 40,000 பேர் வசித்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மலையாளிப் பழங்குடியினர்.

சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் பெரும்பகுதியை, சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளிக் கிழங்கு பிடித்துக்கொண்டது. மிளகு, காபி, வாழை, அன்னாசி ஆகியவையும் உண்டு. ஆனால் பள்ளிப் படிப்பை முடித்த ஒரு பெண்ணுக்கு, ஊரை விட்டு இறங்காமலே கிடைக்கும் மாதச் சம்பள வேலைகளை எண்ணிவிடலாம். பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், சத்துணவுக் கூடம், அங்கன்வாடி. இவற்றில் உள்ளூர்ப் பெண்ணுக்கென்றே வகுக்கப்பட்டது அங்கன்வாடிதான். அதே ஊரில், அல்லது அருகில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்பது நியமன விதி.

நல்ல நோக்கத்துடன் வந்த விதி அது. பிள்ளையின் தாயும் மையத்துப் பணியாளரும் ஒரே பேச்சு வழக்கில் பேசுவார்கள். மழை பெய்து பாதை அறுந்த நாளிலும் மையம் திறக்கும். ஆனால் அந்த விதிக்கு இன்னொரு விளைவும் உண்டு. அந்தப் பெண்ணின் அனுபவம் முழுவதும் ஒரே ஊரின் ஒரே கட்டடத்தோடு கட்டப்பட்டுவிடுகிறது. வேறிடத்தில் அதைக் காட்டிப் பெறக்கூடிய ஆவணம் அவர் கையில் இல்லை.

மக்கள்தொகை விதிமுறையும் மலையில் வேறாக அமைகிறது. சமவெளியில் 400 பேருக்கு ஒரு மையம் என்றால், மலை, பழங்குடிப் பகுதிகளில் 300 பேருக்கு ஒன்று. அதைவிடச் சிறிய குடியிருப்புகளுக்குக் குறு அங்கன்வாடி. தமிழகத்தின் 54,439 மையங்களில் 4,940 இத்தகையவை. உதவியாளர் இல்லாத குறு மையத்தில் சமையல், பாடம், எடைப் பதிவு, வீடு வீடாகப் போவது எல்லாமே ஒருவர் தலையில் விழுகின்றன.

இந்த வேலை எப்படி வந்தது

மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக் குழு, பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகளின் வளர்ச்சி பற்றி 1972இல் மத்திய அரசுக்கு அறிக்கை அளித்தது. உணவு, உடல்நலம், கல்வி மூன்றையும் பிரிக்காமல் ஒரே இடத்தில் தர வேண்டும் என்பது அதன் மையக் கருத்து. 1975 அக்டோபர் 2ஆம் தேதி, நாட்டின் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. தமிழகத்தில் 1980இல் உலக வங்கி உதவியுடன் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. குழந்தையை மாதந்தோறும் எடை போட்டு, குறைவு தெரிந்தவர்களுக்கு மட்டும் கூடுதல் உணவு தரும் முறையை அது ஊர்ப் பெண்களைக் கொண்டே நடத்திக் காட்டியது. 1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், பள்ளிகளோடு இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கான மையங்களையும் உள்ளடக்கியது. கணவரை இழந்தவர்கள், ஆதரவற்ற பெண்கள் ஆகியோருக்கு அப்போது வேலையில் முன்னுரிமை கிடைத்தது.

அந்த முன்னுரிமை பல்லாயிரம் பெண்களின் வாழ்வைத் தூக்கி நிறுத்தியது என்பதில் ஐயமில்லை. கூடவே, இது ஆதரவற்றோருக்கு அளிக்கப்பட்ட உதவி என்ற எண்ணமும் அரசு மனத்தில் வேரூன்றியது. உதவிக்குத் தொகுப்பூதியம் போதும், பதவி உயர்வு எதற்கு என்ற கேள்வி அங்கிருந்து முளைத்ததுதான். மீனா சுவாமிநாதனோ இந்த வேலையைப் பயிற்சி தேவைப்படும் தொழிலாகவே பார்த்தார். 2022இல் அவர் மறையும்வரை, குழந்தைப் பராமரிப்புப் பணியாளர்களின் நிலையை விடாமல் பேசிவந்தார். பின்னாளில் அவர் பணியாற்றிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம்தான் 1990களிலிருந்து கொல்லிமலையில் சிறுதானியங்களைக் காக்கும் வேலையைச் செய்துவருகிறது.

இருபது ஆண்டுகளில் கற்பது என்ன

தொழில் மாற்றம் பற்றிப் பேசுமுன், எந்தத் திறனிலிருந்து எந்தத் திறனுக்கு மாறுகிறோம் என்று தெரிய வேண்டும். அங்கன்வாடிப் பணியாளர் காலையில் மையத்தைத் திறந்து, இரண்டு முதல் ஐந்து வயதுவரையுள்ள பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைக்கிறார். ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டத்தின்படி பாட்டு, கதை, நிறம், எண் என நடத்துகிறார். வயது வேறுபட்ட பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக் கற்பிப்பது பயிற்சி பெற்ற ஆசிரியர்களுக்கே கடினம்.

பிறகு எடையும் உயரமும் எடுத்து, வயதுக்கேற்ற வளர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கிறார். கடும் ஊட்டச்சத்துக் குறைவுள்ள குழந்தையைக் கண்டுபிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புகிறார். ஊரில் யார் கருவுற்றிருக்கிறார், யாருக்கு இரத்தசோகை, எந்தக் குழந்தை தடுப்பூசிக்கு வரவில்லை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்று மாமியாரிடம் பேசி ஒப்புக்கொள்ளவைக்கிறார். சத்துமாவு, முட்டை, அரிசி, பருப்பு இருப்புக்குக் கணக்கு வைக்கிறார். 2021 மார்ச்சில் போஷன் டிராக்கர் செயலி வந்தபின், சிக்னல் கிடைக்கும் மேடு தேடிப் போயாவது விவரங்களைப் பதிவேற்ற வேண்டும். தேர்தல் காலத்தில் இவர்களில் பலர் வாக்குச்சாவடி நிலை அலுவலர்களும் ஆகிறார்கள்.

கற்பித்தல், ஊட்டச்சத்துக் கண்காணிப்பு, ஆலோசனை சொல்லுதல், இருப்புக் கணக்கு, கணினிப் பதிவு, களக் கணக்கெடுப்பு என்று இவற்றைப் பிரித்து எழுதினால், ஒவ்வொன்றுக்கும் வெளியுலகில் தனித்தனிப் பதவியும் தனித்தனிச் சம்பளமும் இருக்கின்றன. ஒரே பெண் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்யும்போது மட்டும் அது திறனற்ற வேலையாகக் கணக்கிடப்படுகிறது.

திறந்த கதவுகளும் மூடிய கதவுகளும்

முதல் வழி, துறைக்குள்ளேயே மேலேறுவது. 2022இல் வெளியான மத்திய அரசின் சக்ஷம் அங்கன்வாடி வழிகாட்டுதலின்படி, பணியாளர் இடங்களில் பாதியை ஐந்து ஆண்டு அனுபவமுள்ள உதவியாளர்களைக் கொண்டும், மேற்பார்வையாளர் இடங்களில் பாதியை ஐந்து ஆண்டு அனுபவமுள்ள பணியாளர்களைக் கொண்டும் நிரப்ப வேண்டும். பணியாளராவதற்குக் குறைந்தபட்சக் கல்வி பன்னிரண்டாம் வகுப்பு. முன்பு பத்தாம் வகுப்போடு சேர்ந்தவர்களும், எட்டாம் வகுப்புக்குள் நின்றுபோன உதவியாளர்களும் இந்த ஏணியின் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். ஒரு மேற்பார்வையாளருக்குக் கீழே பல மையங்கள் இருப்பதால், ஏறக்கூடியவர்களின் எண்ணிக்கையும் சிறியதே.

இரண்டாவது வழி, பக்கவாட்டில் நகர்வது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, அதே ஆண்டு அக்டோபரில் வந்த ‘இல்லம் தேடிக் கல்வி’, 2022இல் வந்த காலை உணவுத் திட்டம் ஆகிய எல்லாமே உள்ளூர்ப் பெண்களின் உழைப்பில் நடப்பவை. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை தன்னார்வலர் என்ற பெயரும் ஊக்கத்தொகையும் தருபவை. ஒரு மதிப்பூதியத்திலிருந்து இன்னொரு மதிப்பூதியத்துக்குப் போவதைத் தொழில் முன்னேற்றம் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, ஆசிரியர் பணி. இயல்பாகத் திறந்திருக்க வேண்டிய இந்தக் கதவுதான் மிக இறுக்கமாக மூடியிருக்கிறது. 2019 ஜனவரியில் தமிழக அரசு 2,381 அரசுப் பள்ளி வளாக அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. அவற்றுக்கு இடைநிலை ஆசிரியர்கள் அனுப்பப்பட்டார்கள். பெரிய வகுப்புகளுக்குப் பயிற்சி பெற்ற தங்களை மழலையர் வகுப்புக்கு அனுப்புவது முறையல்ல என்று அவர்கள் எதிர்த்தார்கள். 2022இல் அவர்கள் திரும்பப் பெறப்பட்டு, 5,000 ரூபாய் ஊதியத்தில் சிறப்பாசிரியர்கள் வந்தார்கள். இந்த இழுபறி முழுவதும், அதே வளாகத்தில் அதே வயதுப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாகப் பாட்டும் எண்ணும் சொல்லித் தந்துகொண்டிருந்த பெண்ணுக்கு ஒரு இணைப்புப் பயிற்சி கொடுத்து அந்த இடத்தில் அமர்த்தலாம் என்ற யோசனை முன்னுக்கு வரவில்லை.

இடைநிலை ஆசிரியருக்கு ஊதியம் 20,600 ரூபாயில் தொடங்குகிறது. அங்கன்வாடிப் பணியாளரின் சிறப்புக் காலமுறை ஊதியம் 7,700 ரூபாயில் தொடங்கி 24,200இல் முடிகிறது. உதவியாளருக்கு அது 4,100இல் தொடங்குகிறது. ஆசிரியர் நியமனத்துக்கான உச்ச வயது 2023இல் பொதுப் பிரிவினருக்கு 53 ஆகவும் மற்றவர்களுக்கு 58 ஆகவும் உயர்த்தப்பட்டது. ஆக, நாற்பத்தைந்து வயது மலையாளிப் பெண்ணுக்கு வயது தடையல்ல. தொடக்கக் கல்விப் பட்டயம் இல்லாததுதான் தடை. அந்தப் பட்டயத்துக்கு இரண்டு ஆண்டுகள் முழுநேரம் படிக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டு, வீட்டையும் நிலத்தையும் விட்டுவிட்டு, மலையிறங்கிப் படிக்க எத்தனை பேரால் முடியும்?

நான்காவது வழி நம்பிக்கை தருவது. தகுதியுள்ள அங்கன்வாடிப் பணியாளர்களைத் துணைச் செவிலியர் பயிற்சிக்கு அனுப்பி, கிராம சுகாதாரச் செவிலியர் பணிக்கு ஆயத்தப்படுத்தும் முறையைத் தமிழக அரசே கையாண்டிருக்கிறது. தாயையும் சேயையும் அறிந்தவரே அவர்களுக்குச் செவிலியராகவும் வரட்டும் என்ற தெளிவான சிந்தனை இதில் இருந்தது. 2023 அக்டோபரில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2,250 கிராம சுகாதாரச் செவிலியர் இடங்களை அறிவித்தபோது அதன் ஊதியம் 19,500 முதல் 62,000 ரூபாய்வரை. பராமரிப்புப் பணியிலிருந்து முழுமையான அரசுப் பணிக்குப் பாலம் போடத் தமிழகத்துக்குத் தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அந்தப் பாலம் எல்லாக் காலத்துக்கும், எல்லா இடத்துக்கும் நிலைபெறவில்லை என்பதே குறை.

அன்புக்கு விலை குறைப்பது

இந்த மதிப்புக்குறைவு தமிழகத்துக்கு மட்டும் உரியதல்ல. பாலா இங்லண்ட், மிஷெல் புடிக், நான்சி ஃபோல்பரே ஆகிய மூவரும் அமெரிக்காவில் செய்த ஆய்வு 2002இல் வெளியானது. கல்வியும் திறனும் அனுபவமும் சமமாக இருந்தாலும், பிறரைப் பராமரிக்கும் வேலைகளில் இருப்பவர்கள் குறைவாகவே சம்பளம் பெறுகிறார்கள் என்று அது காட்டியது. பெண்கள் வீட்டில் கூலியின்றிச் செய்யும் வேலை என்பதால், வெளியே செய்யும்போதும் அது இயற்கையாக வருவது, கற்றுக்கொண்டது அல்ல என்று சமூகம் முடிவு கட்டிவிடுகிறது.

இந்தியச் சட்டமும் நீண்ட காலம் அதே வழியில்தான் நடந்தது. அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசின் குடிமைப் பதவி வகிப்பவர்கள் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அங்கன்வாடி உள்ளிட்ட அரசுத் திட்டங்களின் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டும் என்று 2013இல் கூடிய 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அது ஏட்டளவில் நின்றது. 2022 ஏப்ரல் 25ஆம் தேதிதான் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று அறிவித்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டமும் கல்வி உரிமைச் சட்டமும் சுமத்திய கடமைகளை நிறைவேற்றுவோரின் வேலையைப் பகுதிநேரத் தொண்டு என்று தள்ளிவிட முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். உழைத்த ஆண்டுகளுக்கு ஒரு மதிப்பு உண்டு என்று சட்டம் ஏற்றுக்கொண்ட நாள் அது. அந்த மதிப்பு பணிக்கொடையோடு முடிந்துவிடக் கூடாது. அடுத்த வேலைக்கான தகுதியாகவும் நீள வேண்டும்.

கொல்லிமலையில் முன்பு நடந்தது

முன்பு கற்ற தொழில் பின்பு செய்யும் தொழிலில் வீண்போவதில்லை என்பதற்கு இந்த மலையிலேயே ஒரு குடும்பம் சான்றாக இருக்கிறது. ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரித் தம்பதியர் 1910களில் கொல்லிமலையின் வாழவந்தியில் குடியேறி மருத்துவமும் பள்ளியும் நடத்தினார்கள். கைவிடப்பட்ட குழந்தைகளை ஈவ்லின் எடுத்து வளர்த்தார். 1929இல் கணவர் காய்ச்சலில் இறந்தார். பிற்காலத்தில் ஓய்வு பெறும் வயது வந்ததும் மிஷன் அவரை விடுவித்தது. ஏறத்தாழ எழுபது வயதில் அவர் தாமாகவே மலைக்குத் திரும்பி, சுற்றியுள்ள மலைத்தொடர்களிலும் சேர்த்து 1974இல் இறக்கும்வரை வேலை செய்தார்.

1914இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்த அவர்களது மகன் பால் பிராண்ட் முதலில் கட்டடத் தொழில் கற்றவர். பிறகுதான் மருத்துவம் படித்தார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளை அறுவை சிகிச்சையால் மீண்டும் இயங்கச் செய்து உலகப் புகழ் பெற்றார். தச்சுப் பட்டறையில் கருவிகளைக் கையாளப் பழகியது அறுவை சிகிச்சையில் அவருக்குக் கைகொடுத்தது. தாய்க்கு எழுபதிலும் மகனுக்கு இருபதுகளிலும் புதிய தொடக்கம் சாத்தியமானது என்றால், அதற்குக் காரணம் அவர்களுக்குக் கல்வியும், தேர்ந்தெடுக்கும் உரிமையும், நம்பி உதவியவர்களும் இருந்ததுதான். அதே வாழவந்தி நாட்டில் இன்று மையம் நடத்தும் பெண்ணுக்கு முதலாவதும் அரைகுறை. மற்ற இரண்டும் இல்லை.

என்ன செய்யலாம்

பிரான்ஸ் நாட்டில் 2002 ஜனவரியில் ஒரு சட்டம் வந்தது. ஒருவர் வேலையில் பெற்ற அனுபவத்தை ஆவணப்படுத்தி நடுவர் குழுவின் முன் வைத்தால், வகுப்பறைக்குப் போகாமலே முழுப் பட்டயத்தையோ அதன் ஒரு பகுதியையோ பெறலாம். குழந்தை, முதியோர் பராமரிப்புப் பணியாளர்கள் இதனால் பெரும் பயன் பெற்றார்கள். இந்தியாவில் பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் முன்கற்றலை அங்கீகரிக்கும் பிரிவு இருக்கிறது; ஆனால் அது தரும் சான்றிதழ் ஆசிரியர் பட்டயத்துக்கு ஈடாவதில்லை. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பும், அதற்குக் குறைவாகப் படித்தவருக்கு ஓராண்டுப் பட்டயமும் தரச் சொல்கிறது. அதை முடித்தவரின் ஊதியம் எந்தப் படிக்கு உயரும் என்று சொல்லவில்லை.

அனுபவம் முழுவதும் அறிவாகிவிடாது என்ற மறுப்பு நியாயமானதே. இருபது ஆண்டு தவறாகச் செய்தவரும் இருக்கலாம். ஆகவே கண்மூடி அங்கீகரிக்க வேண்டாம். நடுவர் குழு மையத்துக்கே வந்து பார்த்து மதிப்பிடட்டும். அனுபவமுள்ளவர்கள் போய்விட்டால் குழந்தைகளை யார் பார்ப்பது என்ற இன்னொரு கேள்வியும் எழும். வெளியேற வழியில்லாததால் தங்கியிருப்பவரைவிட, விரும்பித் தங்கியிருப்பவர்தான் குழந்தைக்கு நல்லவர். மேலே போக வழியுள்ள வேலைக்குத்தான் படித்த இளம்பெண்கள் வருவார்கள். ஒரு பணியாளர் நகர்ந்தால் அந்த இடத்துக்கு உயர ஓர் உதவியாளர் காத்திருக்கிறார்.

ஆகவே தமிழக அரசின் முன் நான்கு வேண்டுகோள்கள். ஒன்று, பத்து ஆண்டு பணி முடித்த ஒவ்வொருவருக்கும், அவர் செய்த வேலைகளைத் திறன்வாரியாகப் பட்டியலிட்ட பணிச் சான்றிதழ் வழங்க வேண்டும். இரண்டு, மழலையர் வகுப்பு ஆசிரியராவதற்கு, அனுபவத்துக்குக் கழிவு தரும் பகுதிநேரப் பட்டயத்தை உருவாக்க வேண்டும். நாமக்கல்லின் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் அதன் வகுப்புகளைச் செம்மேட்டில் நடத்த முடியும். விண்ணப்பிப்பவர்களை மலையிறக்க வேண்டியதில்லை. மூன்று, துணைச் செவிலியர் பயிற்சியில் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு நிலையான ஒதுக்கீடு வேண்டும்; மலை ஒன்றியங்களில் அது முதலில் நடைமுறைக்கு வரட்டும். நான்கு, வேறு அரசுப் பணிக்கு மாறுபவரின் முந்தைய ஆண்டுகள் பணிக்கொடைக்கும் ஓய்வூதியத்துக்கும் தொடர்ந்து கணக்கில் வர வேண்டும். நீண்ட காலம் மாதம் 2,000 ரூபாயாக இருந்த சிறப்பு ஓய்வூதியத்தை நம்பி முதுமையை எதிர்கொண்டவர்களுக்கு இது கருணையால் தர வேண்டியதல்ல. நிலுவையில் நிற்கும் கடன்.

தமிழகம் 2025இல் 7,783 அங்கன்வாடி இடங்களை நிரப்ப முடிவெடுத்தது. புதிதாக வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் முன்னால் முப்பது ஆண்டுப் பணிக்காலம் இருக்கிறது. அதன் நடுவில் அவர் ஆசிரியராகவோ செவிலியராகவோ மாற விரும்பினால் அதற்கான விதியை அவர் சேரும் இந்த ஆண்டுகளிலேயே எழுதிவிட வேண்டும். ஓய்வு பெறும் நாளில் எழுதினால் யாருக்கும் பயனில்லை.